ஃபிரிட்ஜ் எரிந்தால் யார் பொறுப்பு?

கடந்த கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியிருந்தோம். மயிலாப்பூரில் நாம் குடியிருக்கும் அடுக்ககத்தின் முதல் மாடியில் ஒரு மூதாட்டி தனியாக வசிக்கிறார். அவர் வீட்டு விளக்கு திடீரெனக் கண் கூசும்படி எரிந்தது. மின்விசிறி கழன்று விழுந்துவிடுமோ என்று பயப்படும் வேகத்தில் சுழன்றது. சில நொடிகளில் ஃபிரிட்ஜின் பின்புறத்திலிருந்து கருகிய வாடை. டிவியும் போய்விட்டது. அதே நேரத்தில், இரண்டு ஏசி ஓடிக்கொண்டிருந்த மேல்மாடி வீட்டில் விளக்குகள் மங்கின, ஏசிகள் நின்றன. ஆனால் அங்கே ஒன்றும் எரியவில்லை.

மூதாட்டியின் ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் இருந்தது. அதுவும் சேர்ந்து கருகியிருந்தது. "இது ஸ்டெபிலைசர் தாங்குற விஷயம் இல்லீங்க ஹஜ்ரத், நியூட்ரல் போயிருக்கு" என்றார் வந்த எலக்ட்ரீஷியன். அந்த ஒரு வார்த்தையின் பொருளை விளங்கிக்கொள்ள நமக்குச் சில நாட்கள் பிடித்தன. நாம் படித்தது மத்ரஸாவிலும் கலைக் கல்லூரியிலும்தான், மின்னியல் அல்ல. ஆனால் விளங்கிய பிறகு, நம் குடும்பங்கள் பல இதை அறியாமலே ஆண்டுதோறும் நஷ்டப்படுகின்றன என்று தோன்றியது.

தெருவுக்கு வரும் மின்சாரத்தில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் உண்டு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 முதல் 240 வோல்ட். இதுதான் நம் வீட்டுக்கு வருவது. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட்டுக்கு மேல். அடுக்ககத்தின் வீடுகள் மூன்று ஃபேஸ்களிலும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். அவை எல்லாவற்றுக்கும் பொதுவான நியூட்ரல் எங்காவது அறுந்தால், அல்லது அதன் திருகு தளர்ந்து கருகினால், வீடுகள் ஒன்றுக்கொன்று வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ள ஆரம்பிக்கும். பங்கு சமமாக இருக்காது. ஏசி ஓடும் வீட்டுக்கு 120, 150 என்று இறங்கும். ஒரு விசிறியும் ஒரு விளக்கும் மட்டும் ஓடும் வீட்டுக்கு 300-ஐயும் தாண்டும்.

அதாவது, யார் சிக்கனமாக மின்சாரம் செலவழிக்கிறாரோ அவர் வீட்டுப் பொருள்தான் முதலில் எரியும். மூதாட்டிக்கு நடந்தது அதுதான்.

அவர் வீட்டில் இருந்ததைப் போன்ற சாதாரண ஸ்டெபிலைசர், வோல்டேஜ் 170-க்கும் 270-க்கும் இடையே ஏறி இறங்குவதைச் சமாளிக்கவே செய்யப்பட்டது. தரமானவற்றில் அதற்கு மேல் போனால் துண்டித்துவிடும் வசதி இருக்கும். மலிவானவற்றில் இருக்காது, அல்லது இருந்தும் வேலை செய்யாது. 'ஸ்பைக் கார்டு' என்று விற்கப்படும் பிளக் பலகை மின்னல் போன்ற கண நேர அதிர்ச்சிக்கு உரியது; 350 வோல்ட் தொடர்ந்து வந்தால் அதுவே தீப்பிடிக்கலாம். எம்.சி.பி. என்பது அதிக ஓட்டத்துக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும். ஆர்.சி.சி.பி. மின்கசிவில் உயிரைக் காப்பது. டிவியை விட உயிர் பெரிது என்பதால் அது கட்டாயம் வேண்டும், ஆனால் ஹை வோல்டேஜை அது பார்க்காது. இவற்றில் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு.

இதற்கென்றே ஒரு சாதனம் இருக்கிறது: மெயின் போர்டில் எம்.சி.பி.க்கு அருகில் பொருத்தும் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப். குறித்த அளவைத் தாண்டினால் வீடு முழுவதையும் நொடிக்குள் துண்டித்து, நிலைமை சீரானதும் சற்றுத் தாமதித்துத் தானே இணைக்கும். ஒரு ஃபிரிட்ஜின் விலையோடு பார்த்தால் அதன் செலவு அற்பம். வட்டி இல்லாத தவணை என்று தேடித் தேடிப் பொருள் வாங்கும் நாம், அந்தப் பொருளைக் காக்கும் இதைப் பற்றிக் கேட்பதுகூட இல்லை. இதைப் பொருத்தும்வரை ஓர் அடையாளத்தை வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசித்தால், அல்லது ஒரு வீட்டில் பிரகாசமும் பக்கத்து வீட்டில் மங்கலுமாக இருந்தால், ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நேராக மெயினை அணைக்க வேண்டும். கீழே மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கப் போகக் கூடாது.

லோ வோல்டேஜ் வேறு கதை. அது மெதுவாகக் கொல்லும். 230-க்குப் பதில் 180 வந்தால் இஸ்திரிப் பெட்டி தன் சக்தியில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் தரும். சட்டை சுருக்கமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரும் தண்ணீர் மோட்டாரும் கிளம்ப முடியாமல் திணறி, அதிக மின்னோட்டம் இழுத்து, காயில் சூடேறிப் போகும். சஹர் நேரத்தில் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். கரண்ட் போய் வந்தவுடன் ஐந்து, பத்து நிமிடம் பொறுத்து ஏசியையும் ஃபிரிட்ஜையும் போடுவது நல்லது. தெரு முழுவதன் ஏசிகளும் ஒரே கணத்தில் கிளம்புவதால் வோல்டேஜ் தடுமாறும் நேரம் அது. 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணை மின்நிலையத் தீ விபத்தால் நகரின் பெரும்பகுதி இருளில் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், இந்தப் பொறுமை தேவைப்பட்டது.

இனி, இந்தப் பிரச்சினை ஏன் வளர்கிறது என்று பார்ப்போம். தமிழகத்தின் உச்ச மின் தேவை 2023 ஏப்ரல் 20 அன்று 19,387 மெகாவாட். 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட். ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் 1,400 மெகாவாட்டுக்கு மேல் கூடுதல். கோடையில் இந்த உயர்வுக்கு முக்கியக் காரணம் ஏசி. தி.நகரிலும் அடையாறிலும் தனி வீடு இருந்த மனையில் இன்று எட்டு ஃபிளாட். ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று ஏசி. தி.நகரில் இதோடு கடைத்தெருவின் சுமையும் சேரும். மயிலாப்பூர், சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்று இணைப்புகளை அரிக்கிறது.

இதில் நம் பங்கும் உண்டு. இணைப்பு வாங்கும்போது எழுதிக்கொடுத்த லோடு இரண்டு கிலோவாட், ஓடுவது ஆறு. கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்தால் பணம் கட்ட வேண்டுமே என்று விட்டுவிடுகிறோம். மின்வாரியம் எழுதிக்கொடுத்த கணக்கைப் பார்த்துத்தான் டிரான்ஸ்பார்மர் போடுகிறது. நாம் மறைத்த சுமையின் சூடு பொதுக் கம்பியில் ஏறுகிறது. கம்பி போனால் எரிவது அண்டை வீட்டாரின் பொருள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மிம்பரில் பேசும் நாம் இதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து. வாடகைக்கு இருப்பவர்கள் இதை வீட்டு உரிமையாளரிடம் கேட்கத் தயங்கக் கூடாது.

மின்வாரியத்தின் பொறுப்பு இதனால் குறைந்துவிடாது. 240 வோல்ட் என்று அறிவித்தால் அது 6 சதவீதம் மட்டுமே ஏறி இறங்கலாம்; அதாவது 226-க்கும் 254-க்கும் இடையில். 2020 டிசம்பர் 31 அன்று மத்திய அரசு வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், வோல்டேஜ் புகாரைத் தீர்க்கத் தாமதமானால் இழப்பீடு தர வழிசெய்கின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, மின் வழங்கலை ஒரு சேவையாகவே வரையறுக்கிறது. வழிகள் உள்ளன. ஆதாரம்தான் நம்மிடம் இருப்பதில்லை.

லைன்மேனுக்கு போன் செய்து, வந்து சரிசெய்தால் "போகட்டும்" என்று விடுவதுதான் நம் வழக்கம். 2021 முதல் இயங்கும் மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வைத்தால்தான் அன்று அந்த நேரத்தில் வோல்டேஜ் ஏறியதற்கு ஒரு பதிவு கிடைக்கும். எரிந்த போர்டைத் தூக்கி எறியாமல், மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்க வேண்டும். தெருவில் எத்தனை வீடு பாதிக்கப்பட்டதோ அத்தனை பேரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பிறகு வட்ட அளவிலான மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மின் குறைதீர்ப்பாளர்.

தி.நகர்வாசிகளுக்கு ஒரு கூடுதல் வசதி. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டன. வோல்டேஜ் அளவு மீறிய நேரத்தைப் பதியக்கூடியவை அவை. அந்தப் பதிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மற்ற பகுதிகளுக்கான ஸ்மார்ட் மீட்டர் டெண்டரை 2024 டிசம்பர் இறுதியில் மின்வாரியம் ரத்து செய்தது. விலை அதிகம் என்பது காரணம். அரசியல் பேசியவர்கள் நிறையப் பேசினார்கள். மயிலாப்பூரில் எரிந்த ஃபிரிட்ஜுக்கு ஆதாரம் எங்கே என்பதை யாரும் பேசவில்லை.

நம் அடுக்ககத்தின் விஷயம் இன்னும் சிக்கலானது. தளர்ந்திருந்த நியூட்ரல் தெருக் கம்பியில் இல்லை. கீழே நம் சொந்த பேனல் போர்டில் இருந்தது. கட்டிடத்துக்குள் இருக்கும் வயரிங் நம் பொறுப்பு என்பதால் மின்வாரியத்திடம் கேட்க ஒன்றுமில்லை. கட்டிடம் எழும்பியதிலிருந்து அந்தத் திருகை யாரும் இறுக்கிப் பார்த்ததாக நினைவில்லை. இப்போது ஆண்டுக்கொரு முறை, கோடைக்கு முன் பார்க்க ஏற்பாடாகியிருக்கிறது. மூதாட்டியின் ஃபிரிட்ஜுக்கு எல்லா வீடுகளும் பங்கு போட வேண்டும் என்று நாம் சொன்னோம். ஐந்து வீடுகள் கொடுத்துவிட்டன. மூன்று வீடுகளின் பங்கு இன்னும் வரவில்லை.