மருத்துவருக்கு உரிய கூலி

 

மயிலாப்பூரில் எங்கள் குடும்பம் இருபது ஆண்டுகளாகச் சென்றுவரும் சிறிய கிளினிக் ஒன்று உண்டு. சென்ற மாதம் வாப்பாவை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். எங்களுக்கு முன் உள்ளே சென்றவர் வெளியே வந்து முணுமுணுத்தார்: "ஒரு மாத்திரைகூட எழுதித் தரலை பாய். இதுக்கு இருநூற்றைம்பது ரூபாயா?"

நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, இது தானே ஆறிவிடும் இருமல், மருந்து வேண்டாம் என்று அந்த மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவ்வாறு சொல்வதற்குத்தான் படிப்பும் அனுபவமும் துணிவும் தேவை. ஸ்கேன் மையத்தில் மூவாயிரம் ரூபாயை மறுபேச்சின்றிச் செலுத்தும் நாம், வேண்டாத செலவிலிருந்து நம்மைக் காத்தவரிடம் கணக்குப் பார்க்கிறோம்.

உடனே ஓர் ஒப்பீடும் வந்துவிடும். வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் ஐந்து ரூபாய்க்குப் பார்க்கவில்லையா? பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் இரண்டு ரூபாய்க்குப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். 2018இல் ஜெயச்சந்திரனும் 2020இல் திருவேங்கடமும் மறைந்தபோது வடசென்னை கண்ணீர் விட்டது. ஆனால், அவர்கள் தந்தது தாமே விரும்பித் தந்த ஈகை. ஒருவர் விரும்பித் தந்ததை மற்ற எல்லோரிடமும் கடன்போல் கேட்பது எவ்வகையில் நியாயம்? 2019 அக்டோபரில், மத்திய அரசு மருத்துவர்களுக்கு இணையான ஊதியம் கேட்டுத் தமிழக அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும், 'சேவைக்கு வந்தவர்களுக்குக் கூலியா?' என்றே பலர் கேட்டார்கள். நோயாளிகள் தவித்தது உண்மை. அதற்காகக் கோரிக்கை தவறாகிவிடாது.

நபி (ஸல்) அவர்களுக்கு அபூதைபா (ரலி) அவர்கள் குருதி உறிஞ்சி எடுத்து மருத்துவம் செய்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அவருக்கு ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். அத்துடன் நிற்கவில்லை. அவருடைய எஜமானர்கள் அவரிடம் வசூலித்துவந்த வரியைக் குறைக்கவும் செய்தார்கள். கூலியைப் பற்றிப் பேசும் நாம், இந்த இரண்டாவது பகுதியை ஏனோ கடந்து சென்றுவிடுகிறோம்.

இன்று பொது மருத்துவரின் தோளில் உள்ள சுமை, வாடகை. தி.நகரிலும் அடையாறிலும் நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் கிடைக்கும் வாடகையை ஓர் ஒற்றை அறை கிளினிக் எப்படித் தரும்? உதவியாளர் சம்பளமும் மின்கட்டணமும் தனி. ஒன்று, கட்டணத்தை உயர்த்த வேண்டும். அல்லது ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று ஓட வேண்டும். இளம் மருத்துவர்கள் இரண்டையும் விரும்புவதில்லை. நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்தவர்கள் மேற்படிப்பு நுழைவுத்தேர்வுக்கு அமர்ந்துவிடுகிறார்கள், அல்லது பெரிய மருத்துவமனைகளில் இரவுப்பணிக்குச் செல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வானேன்? மாப்பிள்ளை பார்க்கும்போது "வெறும் எம்.பி.பி.எஸ். தானா?" என்று கேட்பவர்கள் நாம்தாமே! எங்கள் மருத்துவருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. அவருக்குப் பின் அந்த அறையில் உட்கார எவரும் இல்லை.

நம் பள்ளிவாசல்கள் பலவற்றுக்கு வக்ஃபுக் கடைகள் உள்ளன. வாரிய விதிகளுக்கும் வக்ஃபின் நோக்கத்திற்கும் உட்பட்டு, அவற்றில் ஓர் அறையைக் குறைந்த வாடகையில் ஒரு பொது மருத்துவருக்குத் தர இயலுமா? அவர் எம்மதத்தவராயினும் சரி. கட்டணம் தர இயலாத ஏழைகளுக்காக, பைத்துல்மாலிலிருந்து மாதந்தோறும் அவருக்கு முழுத் தொகையையும் செலுத்திவிடலாம். ஈகை நம்முடையதாக இருக்கட்டும். அதை அவர் சட்டைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.

எங்கள் மஹல்லாவின் அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை எழுத்து மூலம் கேட்கவிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். காலியாக உள்ள கடைகளின் பட்டியலை முதலில் வாங்க வேண்டும்.