காசுக்கு ஒரு வட்டம்

நாணயத்தை மாற்றித் தருகிறவர் தம் கூலிக்காகப் பிடித்துக்கொள்ளும் தொகைக்கு நம் கடைத்தெருக்களில் 'வட்டம்' என்று பெயர். நோட்டைச் சில்லறையாக்கினால் வட்டம். உண்டியலைத் தவணை நாளுக்கு முன்பே பணமாக்கினால் வட்டம். காசுக்கடைக்காரர் ஒரு வேலை செய்தார். அதற்குக் கூலி கேட்டார். நாமும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தோம். ஆனால் தாமே நடத்துகிற சூதாட்ட மேஜையில், தம்மிடமே தோற்பதற்காக ஒருவர் பணம் கேட்கும்போது, அந்தப் பணத்துக்கும் வட்டம் பிடிக்கலாம் என்கிற யோசனை நம் காசுக்கடைக்காரர் எவருக்கும் உதித்ததாகத் தெரியவில்லை. அந்தச் சாமர்த்தியத்தைக் காண விரும்புகிறவர்கள் அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து கரிபியன் தீவுகளுக்குச் செல்லும் உல்லாசக் கப்பல்களில் ஒன்றில் ஏறிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கப்பல்களில் ஏறியவுடன் பிரயாணியிடம் ஓர் அட்டை கொடுக்கிறார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அந்த அட்டைதான். காப்பிக்கும் கம்பளிச் சட்டைக்கும் பணம் கொடுப்பதும் அந்த அட்டைதான். சில கப்பல்களில் அட்டைக்குப் பதிலாகக் கையில் அணியும் ஒரு வில்லை. எதை வாங்கினாலும் கணக்கில் ஏறும். பிரயாணம் முடியும்போது பிரயாணியின் பாங்கிக் கடன் அட்டையிலிருந்து மொத்தமாக வசூலாகும். ஆகவே ஏழு நாள் பிரயாணத்திலும் பணத்தின் முகத்தையே பாராமல் செலவழிக்க முடியும். பணத்தைக் கண்ணால் பாராமல் செலவழிப்பது எவ்வளவு சுலபம் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

காஸினோ என்னும் சூதாட்டக் கூடத்திலும் இதே அட்டை செல்லும். காசாளரின் கூண்டண்டை போய் அட்டையை நீட்டி, "நூறு டாலர்" என்றால் ரொக்கம் கிடைக்கும். மேஜையில் உட்கார்ந்தபடியே கேட்டால் பந்தய வில்லைகள் கிடைக்கும். காசு விழுங்கும் யந்திரத்தில் அட்டையைச் செருகினால், எழுந்திருக்கும் சிரமம்கூட இல்லாமல் பணம் யந்திரத்துக்குள் போய்விடும். கணக்கில் ஏறும் தொகை மட்டும் நூறு அல்ல. பல கம்பெனிகள் இவ்விதம் எடுக்கும் தொகையில் நூற்றுக்கு 3 முதல் 5 வரையில் சேர்த்து வசூலித்து வந்திருக்கின்றன. விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அவ்வப்போது மாறவும் மாறும். அதற்கு அவர்கள் சூட்டியிருக்கும் நாமகரணம் 'ஸௌகரியக் கட்டணம்'. யாருடைய ஸௌகரியத்துக்காக என்று மாத்திரம் விளக்கவில்லை.

எடுத்த நூறு டாலரில் ஒரு டாலர்கூட ஆடாமல் அப்படியே கூண்டில் திருப்பிக் கொடுத்தாலும் கட்டணம் திரும்பி வருவதில்லை. உள்ளே நுழைவதற்கு வரி உண்டு. வெளியேறியதற்காக அது தள்ளுபடி ஆகாது.

* * *

5 டாலர் ஒரு பிரமாதமா என்று சிலர் கேட்கக்கூடும். சூதாட்டத்தின் கணக்கைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள் உண்டு: 1 முதல் 36 வரையில் எண்கள், ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். ஓர் எண்ணின்மேல் கட்டி ஜயித்தால் கட்டிய பணத்தோடு 35 பங்கு கொடுக்கிறார்கள். நியாயப்படி 37 பங்கு கொடுக்க வேண்டும். அந்த இரண்டு பங்குதான் காஸினோவின் ஜீவனோபாயம். நூற்றுக்குக் கணக்கிட்டால் 5.26. ஒரே பூஜ்யமுள்ள ஐரோப்பியச் சக்கரமானால் 2.70. வருஷம் முழுவதும் விளக்குப் போட்டு, வாத்தியம் வைத்து, ஆட்களை நிறுத்திச் சக்கரம் சுழற்றி, காஸினோ சம்பாதிக்கிற லாபம் இந்த 5.26. ஸௌகரியக் கட்டணமோ, சக்கரம் சுழலுவதற்கு முன்பே ஏறக்குறைய அதே 5-ஐப் பெற்றுவிடுகிறது. அதாவது பிரயாணி மேஜைக்கு வருவதற்குள் ஒரு முறை அவர் பெயரால் சக்கரம் சுழன்று முடிந்தாற்போலத்தான்.

ஒரு பிரயாணி இரவுக்கு 200 டாலர் வீதம் ஐந்து இரவுகளில் 1,000 டாலர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு டாலரையும் ஒரே ஒரு முறை ரூலெட்டில் கட்டுகிறார். சராசரியில் அவர் இழக்க வேண்டியது சுமார் 53 டாலர். 5 சதவிகித விகிதத்தில் கட்டணம் 50 டாலர். வீட்டிலிருந்தே ரொக்கம் கொண்டு வந்திருந்தால் 53-உடன் போயிருக்கும் நஷ்டம், கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 103 ஆகிறது.

கணக்குத் தெரிந்து ஆடுகிறவர் பாடு இன்னும் பரிதாபம். 'பிளாக்ஜாக்' என்னும் சீட்டாட்டத்தில், நல்ல விதிகள் உள்ள மேஜையில், தவறின்றி ஆடினால் காஸினோவின் பங்கு நூற்றுக்கு அரையளவுக்கு இறங்கிவிடும். இந்த அரையைச் சாதிப்பதற்காக மனிதர் மாதக் கணக்கில் பாடம் படிக்கிறார். பிறகு கப்பலில் அட்டையை நீட்டி, அதைப் போல் பத்து மடங்கைக் கூண்டிலேயே கொட்டிவிட்டு, மேஜைக்கு வந்து மகா ஜாக்கிரதையாக உட்காருகிறார்! ஆடும் பணம் கைமாறிக் கைமாறிப் பல முறை மேஜைக்கு வருகிறது என்பதும், கட்டணம் ஒரு தடவைதான் என்பதும் உண்மையே. ஆனாலும் அந்த 5 சதவிகிதத்துக்குச் சமமான நஷ்டம் மேஜையில் ஏற்பட வேண்டுமானால், இந்தக் கெட்டிக்காரர் தம் கைப்பணம் முழுவதையும் பத்து முறை பந்தயம் கட்டியாக வேண்டும்.

மற்ற வழிகள் உண்டா என்றால், உண்டு. கப்பலில் பணம் வழங்கும் யந்திரம் இருக்கும். அதில் எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று கட்டணம். 6 டாலர் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். 500 டாலர் எடுப்பவருக்கு அது நூற்றுக்கு 1.2 தான், 40 டாலர் எடுக்கும் ஏழைப் பிரயாணிக்கோ நூற்றுக்கு 15! காஸினோக் கூண்டில் இதற்கு நேர்மாறு: 40-க்கு 2 டாலர், 500-க்கு 25 டாலர். இரண்டும் 120 டாலரில் சமமாகின்றன. ஆகவே சிறிது எடுப்பவரை யந்திரம் கடிக்கும். நிறைய எடுப்பவரைக் கூண்டு கடிக்கும். பாங்கிக் கடன் அட்டையைக் கொண்டு யந்திரத்தில் பணம் எடுத்தாலோ, பாங்கியார் தனிக் கட்டணம் விதிப்பதோடு அன்றைய தினத்திலிருந்தே வட்டியும் போடத் தொடங்கிவிடுவார்கள். அந்நிய நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு நாணய மாற்றுக் கழிவும் இதன் தலையில் ஏறும்.

* * *

கம்பெனியார் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதையும் சொல்லிவிடுவது தர்மம். கப்பல் கணக்கைப் பாங்கி அட்டையிலிருந்து வசூலிக்கும்போது அட்டைக் கம்பெனிகளுக்கு அவர்கள் ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. காப்பி விற்றால் அந்தப் பங்கு காப்பி லாபத்தில் அடங்கிவிடும். நூறு டாலர் நோட்டையே விற்றால் எதில் அடங்கும்? மேலும், சூதாடும் எண்ணமே இல்லாத சில புத்திசாலிகள், கூண்டில் அட்டைக்குப் பணம் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதற்காகப் பாங்கியார் தரும் பரிசுப் புள்ளிகளை மூட்டை கட்டிக்கொண்டு போனதும் உண்டு. அவர்களைத் தடுக்க ஒரு கட்டணம் வேண்டியிருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஆனால் இந்த நியாயம் ஓரளவுக்குத்தான் செல்லும். பணத்தை வாங்கி வெளியே எடுத்துப் போகிறவருக்கும், அதே மேஜையில் கம்பெனிக்கே தோற்றுவிடுகிறவருக்கும் வித்தியாசம் இல்லையா? முன்னவர் கம்பெனிக்கு நஷ்டம், பின்னவர் லாபம். இருவரிடமும் ஒரே விகிதத்தில் வசூலிக்கிறபோது, செலவை ஈடு செய்வதற்காக வந்த கட்டணம் தனியொரு வருமானமாக மாறிவிடுகிறது. சில கம்பெனிகள் ஏராளமாக ஆடும் பெரிய புள்ளிகளுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளிக் கொடுப்பதும் உண்டு. பெரிய புள்ளிக்கு விலக்கு, சின்னப் பிரயாணிக்கு வசூல்: உலகில் பல வரிகளின் சரித்திரமும் இதுதானே?

கப்பல் டிக்கெட் மலிவாயிருப்பதன் ரகசியமும் இங்கே இருக்கிறது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விட்டபோது, போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். இலவசக் குடைக்கு விலை உண்டு என்பதைத் தமிழர்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள். இன்றைய பெரிய உல்லாசக் கப்பல் கம்பெனிகளின் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, டிக்கெட்டுக்கு வெளியே, மதுபானம், கடை, காஸினோ, உல்லாசச் சுற்றுலா முதலியவற்றிலிருந்து வருவது. குறைந்த டிக்கெட் என்பது வாசலில் விரிக்கும் கம்பளம்.

* * *

கரையில் இப்படி வசூலித்தால் கேள்வி கேட்க மாகாண சர்க்கார் இருக்கும். கடலில் யார் கேட்பது? இந்தக் கப்பல்களில் பல பஹாமாஸ், பனாமா போன்ற சிறு நாடுகளின் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு போகின்றன. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது பொதுவாகக் காஸினோவின் கதவு மூடியிருக்கும். கரையின் சட்டம் எட்டாத தூரம் சென்றதும் விளக்குகள் எரியும்.

இந்தத் தந்திரம் புதிதல்ல. 1938-இல் டோனி கொர்னெரோ என்பவன் கலிபோர்னியாவில் ஸாண்டா மோனிகாக் கரைக்கு மூன்று மைலுக்கப்பால் 'ரெக்ஸ்' என்ற சூதாட்டக் கப்பலை நங்கூரமிட்டு நிறுத்தினான். கரையிலிருந்து 25 செண்டுக்குப் படகில் ஜனங்கள் போய்வந்தார்கள். மாகாண அட்டார்னி ஜெனரலாயிருந்த எர்ல் வாரன் 1939 ஆகஸ்டில் படகுகளில் ஆட்களை அனுப்பினார். கொர்னெரோ தீயணைக்கும் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி, ஒரு வாரத்துக்கு மேல் அவர்களைக் கப்பலில் ஏறவொட்டாமல் தடுத்தான்! கப்பல் நின்ற இடம் வளைகுடாவுக்குள் அடங்கியதுதான், ஆகவே கலிபோர்னியாவின் எல்லைதான் என்று அவ்வாண்டிலேயே அந்த மாகாண உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வாரனே 1953-இல் அமெரிக்காவின் பிரதம நீதிபதியானார். அன்று சர்க்கார் துரத்திய கப்பல் நின்ற இடத்தில் நின்றது. இன்றைய கப்பல் ஓடிக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

நம் கரைக்கும் இந்த விஷயம் வந்து சேர்ந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அதில் காஸினோ இருக்கிறதென்று புதுச்சேரியில் ஆட்சேபம் கிளம்பவே, அம்மாதம் கப்பலுக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. கோவாவில் மாண்டவி நதியில் காஸினோக் கப்பல்கள் நிற்பதோ ஊரறிந்த விஷயம். ஆகவே மயாமியின் கணக்கு நம் குடும்பங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று யாரும் எண்ண வேண்டாம்.

* * *

இதில் நமக்கு முக்கியமாகத் தோன்றுவது 5 டாலர் நஷ்டம்கூட அல்ல. நடு இரவில் கூண்டண்டை வந்து அட்டையை நீட்டுகிறவர் யார்? பெரும்பாலும், கொண்டு வந்ததைத் தோற்று முடித்தவர். அந்தக் காலத்தில் அவர் எழுந்து, நீண்ட தாழ்வாரத்தில் நடந்து, அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. அறையில் மனைவி விழித்துக்கொள்ளலாம், "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கலாம். குளிர்ந்த கடற்காற்றும் அந்த ஒரு கேள்வியும் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் காப்பாற்றியிருக்கும். மகாபாரதத்துச் சபையில் சூதைத் தடுத்துச் சொல்ல விதுரர் இருந்தார். கேட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அட்டையோ, கேட்பதற்கே ஆள் இல்லாமல் செய்துவிடுகிறது. மனிதன் மிகவும் பலவீனமாயிருக்கும் நிமிஷத்தில் அவனுக்குப் பணத்தைச் சுலபமாக்கி, அந்தச் சுலபத்துக்கு அவனிடமே விலையும் வாங்குவதுதான் இந்த ஸௌகரியம்.

சூதே ஆகாது என்பது வள்ளுவர் காலத்திலிருந்து நம் பெரியோர்களின் முடிவு. அவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். நம் அபிப்பிராயமும் அதுவே. ஆனால் கடலில் போகிறவர்கள் எல்லாரும் நம் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டு போவதில்லையாதலால், போகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. வேடிக்கைக்கென்று இழக்கச் சம்மதமான தொகையைக் கரையிலேயே ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்; ரொக்கத்தைக் கூண்டில் கொடுத்து வில்லை வாங்குவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. அமெரிக்க எல்லையை 10,000 டாலருக்கு மேல் ரொக்கத்துடன் கடக்கிறவர்கள் சுங்க அதிகாரிகளிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அவ்வளவு பணத்தோடு சூதாடப் போகிறவர்களுக்கு இந்தப் பத்தி உபயோகப்படாது. கப்பலில் ஏறின முதல் நாளே காஸினோவில் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு நாள் வரம்பு வைக்க முடியுமா என்றும் விசாரியுங்கள்.

நம் துறைமுகங்களிலிருந்து கப்பல் விட அனுமதி கொடுக்கும் சர்க்காருக்கும் ஒரு விண்ணப்பம். ரூலெட் மேஜையின்மேல் எண்களை எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறதோ, அவ்வளவு பெரிய எழுத்தில் இந்த வட்டத்தையும், பிரயாணிகளுக்குப் புரியும் பாஷையில், கூண்டின் முகப்பில் எழுதி வைக்க வேண்டுமென்று நிபந்தனை விதிக்கட்டும். நம் காசுக்கடைக்காரர்கள்கூட வட்டத்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் நோட்டைக் கையில் வாங்கினார்கள்.