டைல்சை மாற்றினால் போதுமா?

குளியல் அறைச் சுவரில் டைல்ஸ் பெயர்கிறது. "மாற்றிவிடலாம்" என்று வீட்டில் முடிவாகிறது. உடனே குடும்பத்தோடு கடைக்குப் போகிறார்கள். நீலம் நல்லதா, பூப்போட்டது நல்லதா என்று அரை நாள் ஆராய்ச்சி!

ஆனால், பழைய டைல்ஸ் ஏன் பெயர்ந்தது? இதைக் கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

எது தண்ணீரைத் தடுக்கும்?

டைல்ஸ் இருந்தால் சுவருக்குள் தண்ணீர் போகாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. டைல்சின் முகம் கண்ணாடி போன்றது. அதில் தண்ணீர் இறங்காது. ஆனால் இரண்டு டைல்சுக்கு நடுவே இடுக்கு இருக்கிறதே! அதில் அடைத்த சிமெண்டு வழியாகத் தண்ணீர் சிறுகச் சிறுக உள்ளே போகும். சுவருக்குள் இருக்கும் குழாய் கசிந்தாலும் இதே கதிதான்.

பிறகு என்ன? அடுத்த அறையில் பூச்சு உதிரும். மாடி வீடு என்றால், கீழ் வீட்டுக் கூரையில் சொட்டும். அண்டை வீட்டாரோடு சண்டை வரும்!

பெயராத டைல்சையும் ஒரு காசால் தட்டிப் பார்க்க வேண்டும். "டொக் டொக்" என்று வெற்று ஓசை கேட்டால், பின்னால் பிடிப்பு இல்லை என்று பொருள்.

புண்ணுக்குப் புனுகு

"பழைய டைல்ஸ் மேலேயே புதிதை ஒட்டினால் உடைக்கும் கூலி மிச்சம்" என்று சிலர் சொல்வார்கள். பிடிப்பு உறுதியாக இருந்து, கசிவும் இல்லாத சுவரில் அது நடக்கும். ஊறிப்போன சுவரில் அது புண்ணுக்குப் புனுகு பூசும் வேலை.

அங்கே டைல்சோடு பழைய பூச்சையும் கொத்தி எடுக்க வேண்டும். குழாயில் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும். புதிதாகப் பூசிய சுவரை 7 நாள் நனைக்க வேண்டும். அது காய்ந்த பிறகு, தண்ணீரைத் தடுக்கும் பூச்சை 2 தடவை அடிக்க வேண்டும். மூலைகளையும், குழாய் வரும் துளைகளையும் விட்டுவிடக் கூடாது.

எதற்கு எந்தப் பசை?

சுவருக்கான சாதாரணப் பீங்கான் டைல்ஸ், தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். ஆகவே அதை ஊற வைத்துச் சிமெண்டில் பதிக்கிறார்கள். 'விட்ரிஃபைடு' டைல்ஸ் அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காது. வெறும் சிமெண்டு அதைச் சரியாகப் பிடிக்காது. அதற்கென்றே விற்கும் பசை வேண்டும். நடுவில் மட்டும் ஓர் உருண்டை வைத்து அழுத்தக் கூடாது. பின்புறம் முழுவதும் தடவ வேண்டும்.

கொத்தனாரின் மூச்சு

டைல்சை அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நாள்தோறும் அதைச் சுவாசிப்பவருக்கு 'சிலிகோசிஸ்' என்ற நுரையீரல் நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். முகத்துக்குத் தூசி தடுக்கும் கவசமும் வேண்டும். "சீக்கிரம் முடியுங்கள்" என்று வீட்டுக்காரர் விரட்டினால், இதையெல்லாம் யார் செய்வார்கள்? ஒரு நாள் கூடுதலாகப் போனால் போகட்டும்.

பணம் குறைவாக இருந்தால், விலை குறைந்த டைல்ஸ் வாங்கலாம். அதில் குற்றம் இல்லை. குழாய் வேலையிலும் பூச்சு வேலையிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. அங்கே மிச்சம் பிடித்தவர்கள், சில ஆண்டுகளில் அதே சுவரை மறுபடியும் உடைக்க வேண்டி வரும்!