தேக்காவோடு திரும்பாதீர்கள்!

சிங்கப்பூர் போகும் நம்மவர்கள் தேக்காவில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, முஸ்தபாவில் பை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை எஸ்பிளனேட் பூங்காவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்நீத்தவர்களுக்காக, 1945 ஜூலை 8-ல் அங்கே நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார் நேதாஜி. செப்டம்பரில் திரும்பிவந்த ஆங்கிலேயர், எழும்பிய சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995-ல், சிங்கப்பூரின் தேசிய மரபுடைமைக் கழகம் அந்த இடத்தில் நினைவுப் பலகை வைத்தது.

அந்தப் படையில் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படைப்பிரிவில், இந்தியாவையே பார்த்திராத தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள்.

உங்கள் குடும்பத்தில் யாராவது மலாயா போனவர்கள் உண்டா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். அந்தப் பலகை வேறு மாதிரி தெரியும்.