வாலிபால் சோறு போடுமா?

பெண் பிள்ளை வாலிபால் ஆடுகிறாள் என்றதும் நம் வீடுகளில் இரண்டு கேள்வி வரும். "பந்தைத் தட்டினா சோறு போடுமா?" ஒன்று. "அரை டிரவுசரோட ஆடினா நாளைக்கு எவன் கட்டுவான்?" இன்னொன்று. பத்தாவது முடித்த என் நாத்தனார் மகளை விளையாட்டு விடுதியில் சேர்க்கலாம் என்று பேச்சு வந்ததும் எங்கள் வீட்டிலும் இதே ரகளைதான்.

இரண்டாவது கேள்விக்கு ஜப்பானில் பதில் இருக்கிறது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று வந்த முதல் குழு விளையாட்டே வாலிபால்தான், 1964 டோக்கியோவில். தங்கம் வாங்கிய ஜப்பான் அணியில் பெரும்பாலோர் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்த பெண்கள். பகலில் வேலை, அப்புறம் நடுராத்திரி வரை பயிற்சி. கேப்டன் மசாயே கசாய்க்கு அப்போது 31 வயது. 1962-ல் உலகப் போட்டியில் ஜெயித்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தவர், ஒலிம்பிக்குக்காகத் தள்ளிப் போட்டார். 1965-ல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையை அறிமுகம் செய்து வைத்தவர் அந்த நாட்டுப் பிரதமரே! (இதைச் சொன்னபோது என் மாமியார் மட்டும் சிரித்தார்.)

முதல் கேள்விதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. எங்கள் உத்தரகோசமங்கைப் பக்கம் பொட்டலில் இரண்டு கம்பு நட்டு வலை கட்டினால் ஆட்டம் தயார். ஆனால் ஆடுவது ஆம்பளைப் பிள்ளைகள். திருவிழாப் போட்டி, பரிசுப் பணம் எல்லாம் அவர்களுக்குத்தான். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மைதானத்தோடு சரி.

பெரிய இடத்திலும் இதே கதை. 2019-ல் புரோ வாலிபால் லீக், 2022-ல் பிரைம் வாலிபால் லீக் என்று ஏலம் எடுத்து, சம்பளம் கொடுத்து, டி.வி.யில் காட்டினார்கள். சென்னைக்கும் அணி இருந்தது. இரண்டுமே ஆண்களுக்கு என்றே தொடங்கியவை. பெண்களுக்கு எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ!

இத்தனைக்கும் பக்கத்துக் கேரளத்தில் கே.சி. ஏலம்மா 1975-லேயே அர்ஜுனா விருது வாங்கிவிட்டார். 1984-ல் சாலி ஜோசப் வாங்கினார். அங்கேயும் அம்மாக்கள் நம்மைப் போலப் பயந்துதானே அனுப்பியிருப்பார்கள்? 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய மினிமோள் ஆபிரகாமும் கேரளத்துக்காரர். உள்நாட்டில் ரயில்வே அணிக்கு ஆடியவர். இந்த ஆட்டத்தில் ஒரு பெண்ணுக்கு மாசச் சம்பளம் என்றால் பெரும்பாலும் ரயில்வே, போலீஸ் என்று ஏதாவது ஒரு வேலைதான். தமிழக அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, நல்ல விஷயம். ஆனால் அது பெரிய போட்டிகளில் பதக்கம் வாங்கியவர்களுக்கு. விடுதியில் இருக்கும்வரை அரசாங்கம் சாப்பாடு போடும். அதற்குப் பிறகு பதக்கம் வாங்கும்வரை ஷூவுக்கும் பஸ்ஸுக்கும் யார் காசு கொடுப்பது? இரண்டு வருஷம் பார்ப்பார்கள், அப்புறம் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

ஜப்பானில் ஒரு மில் சம்பளம் கொடுத்ததால்தான் அந்தப் பெண்கள் ஆட முடிந்தது. கோவையிலும் திருப்பூரிலும் பெண்களின் உழைப்பில் ஓடும் மில்கள் எத்தனை! வேலையும் கொடுத்து, ஆளுக்கு ஓர் அணி வைத்தால் என்ன குறைந்துவிடும்? நம் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்காரர்களும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஆட்டம் ஒதுக்கட்டும், அதே பரிசுப் பணத்தோடு. முதல் வருஷம் இரண்டே அணி வந்தாலும் பரவாயில்லை.

- ஒரு வாசகி, உத்தரகோசமங்கை.