மூன்று நிமிடத்தில் சொல்ல முடியுமா?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் கடும் வறட்சியில் தவித்த நேரம். தண்ணீரை மிச்சப்படுத்த, பலர் குளியலறைச் சுவரில் முட்டை வேகவைக்கும் 3 நிமிடக் கடிகாரத்தை மாட்டி வைத்து, அதற்குள் குளித்து முடித்தார்கள். அதிலிருந்து குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் லாசனுக்கு ஒரு யோசனை பிறந்தது. முனைவர் பட்ட மாணவர்களும் தங்கள் ஆய்வை 3 நிமிடத்தில் சொன்னால் என்ன?

2008ல் அங்கு தொடங்கிய அந்தப் போட்டி இன்று சிங்கப்பூர், மலேசியா உட்படப் பல நாடுகளில் நடக்கிறது. அசையாத ஒரே ஒரு ஸ்லைடுக்குத்தான் அனுமதி. நேரம் தாண்டினால் தகுதி போய்விடும். 80,000 சொற்கள் கொண்ட ஆய்வேட்டை வாசித்துக் காட்ட 9 மணி நேரம் ஆகும் என்பது போட்டி ஏற்பாட்டாளர்களின் கணக்கு. அதே வேகத்தில் 3 நிமிடத்துக்குக் கிடைப்பவை சுமார் 450 சொற்கள்.

முனைவர் படிப்புக்குத் தயாராகும் இளையர்கள் இதை வீட்டிலேயே பழகலாம். மதிப்பெண் உங்களை நேர்காணல் அறையின் வாசல் வரை கொண்டு சேர்க்கும். அதன் பிறகு ஆய்வுத் திட்ட விளக்கம், மாநாடு, இறுதி வாய்மொழித் தேர்வு என எல்லா இடத்திலும் பேச வேண்டியவர் நீங்கள்தான்.

எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், இதுவரை ஏன் விடை கிடைக்கவில்லை, எப்படித் தேடப் போகிறீர்கள்? இந்த மூன்றை மட்டும் எழுதி, முதலில் அம்மாவிடமோ தாத்தாவிடமோ தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலக் கலைச்சொல்லுக்குப் பின்னால் அங்கே ஒளிய முடியாது. முடித்ததும் “நன்றாக இருந்ததா?” என்று கேட்காதீர்கள், பாசத்தில் ஆமாம் என்பார்கள். “என்ன புரிந்தது, திருப்பிச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம். பிறகு வேறு துறை நண்பரிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பெரியவர்கள் கேட்டால் எதிர்த்துப் பேசாதே என்று பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்தப் பிள்ளை பேராசிரியர் மறுத்துப் பேசும்போது மரியாதையாக மௌனம் காக்கிறது. தேர்வாளருக்கோ அது விடை தெரியாத மௌனமாகத் தெரிகிறது. “இதனால் யாருக்கு என்ன பயன்?” என்று சாப்பாட்டு மேசையில் நீங்களே கேளுங்கள். பிள்ளை பணிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்லட்டும். தெரியாததை, “இதை நான் இன்னும் ஆராயவில்லை, ஆராய்ந்தால் இங்கிருந்து தொடங்குவேன்” என்று சொல்லவும் பழகட்டும்.

இந்த வாரம் கைப்பேசியில் 3 நிமிடம் வைத்துத் தொடங்குங்கள்.