4 ஆஸ்கர் வென்ற படம்... முடித்துக் கொடுத்தவர் பெயர் எங்கே? யார் இந்த டெக்ஸ்டர் ஃப்ளெட்சர்?

குயீன் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் கதையைச் சொன்ன 'பொஹீமியன் ராப்சொடி' (2018) படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 90 கோடி டாலருக்கு மேல் வசூல், ராமி மாலிக்கிற்குச் சிறந்த நடிகர் விருது உட்பட 4 ஆஸ்கர். ஆனா, படப்பிடிப்பை முடித்துக் கொடுத்த இயக்குநரின் பெயர், 'இயக்கம்' என்ற இடத்தில் இல்லை. அவர்தான் டெக்ஸ்டர் ஃப்ளெட்சர்.

யார் இவர்?

1966-ல் லண்டனில் பிறந்தவர். குழந்தைகளே நடித்த 'பக்ஸி மலோன்' (1976) படத்தில் சிறுவனாக அறிமுகம். பிறகு 'தி எலிஃபன்ட் மேன்', 'லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்', 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' தொடர் என நடிப்பு நீண்டது. 45 வயதில்தான் 'வைல்ட் பில்' (2011) மூலம் இயக்குநர் ஆனார். சிறையிலிருந்து திரும்பும் தந்தைக்கும் மகன்களுக்குமான கதை அது.

என்ன நடந்தது?

ஃப்ரெடி படத்தை இயக்க 2013-லேயே பேசப்பட்டவர் ஃப்ளெட்சர். கருத்து வேறுபாட்டால் விலகினார். வாய்ப்பு பிரையன் சிங்கருக்குப் போனது. 2017 டிசம்பரில், படப்பிடிப்பு முடியும் தறுவாயில் சிங்கர் நீக்கப்பட்டார். படப்பிடிப்புக்கு ஒழுங்காக வரவில்லை என்பது புகார். பெற்றோர் ஒருவரின் உடல்நிலைக்காக அவகாசம் கேட்டும் தரவில்லை என்பது சிங்கர் தரப்பு விளக்கம். மிச்சத்தை முடிக்க ஃப்ளெட்சரையே அழைத்தார்கள்.

பெயர் ஏன் வரவில்லை?

அமெரிக்க இயக்குநர்கள் சங்க விதிப்படி, பொதுவாக ஒரு படத்துக்கு ஒரே இயக்குநர் பெயர்தான். ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து இயக்கும் ஜோடிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெரும்பகுதியை எடுத்தவர் என்பதால் சிங்கர் பெயர் நின்றது. ஃப்ளெட்சருக்குக் கிடைத்தது நிர்வாகத் தயாரிப்பாளர் என்ற இடம்.

இது அநியாயமா? அவ்வளவு சுலபமா சொல்லிவிட முடியாது. இந்த விதி இல்லையென்றால், பணம் போடுபவரோ பெரிய நடிகரோ இயக்குநரை ஓரங்கட்டிவிட்டுத் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 1975-ல் ஒரு படத்தின் இயக்குநர் பிலிப் காஃப்மனை நீக்கிவிட்டு, நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டே இயக்கினார். அதன்பிறகு, அப்படி உள்ளிருப்பவரே இயக்குநர் இடத்தைப் பிடிப்பதற்கும் சங்கம் தடை போட்டது. ஆக, விதியின் நோக்கம் நியாயமானது. ஆனால் நெருக்கடியில் வந்து கைகொடுப்பவரை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பிறகு என்ன ஆனது?

அடுத்த ஆண்டே எல்டன் ஜான் கதையை 'ராக்கெட்மேன்' (2019) ஆக எடுத்தார். இந்தமுறை முழுப் பெயரும் அவருடையது. நிஜத்தையும் கனவையும் கலந்து பாடல்களிலேயே கதை சொன்னார். வசூல் 20 கோடி டாலரைத் தொடவில்லை. ஆனாலும் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் கிடைத்தது, நாயகன் டேரன் எகர்டனுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. 2023-ல் வந்த 'கோஸ்டட்' விமர்சகர்களிடம் எடுபடவில்லை.

அவர் கைபட்ட படங்களில் அதிகம் வசூலித்தது, அவர் பெயர் இல்லாத படம்தான். ஆனால் ஃப்ளெட்சர் எப்படிப்பட்ட இயக்குநர் என்று தெரிந்துகொள்ள, நீங்கள் பார்க்க வேண்டியது 'ராக்கெட்மேன்'.